அரை டிக்கெட்

மார்ச் 2, ஞாயிறு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். அத்தானின் குறட்டையும் சுகம். அங்கே நீ, உன் வீட்டுக்காரி, உன் தொப்பை மூவரும் நலம்தானே?

அக்காவுக்கு என்ன ஆயிற்று, திடீரென்று கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பாய். போனில் பேசிப் பேசி எனக்கு வாய் வலித்துவிட்டது. நான் எவ்வளவு பேசினாலும் நீ "ம்" போடுகிறாய். நல்லது சொன்னாலும் ம், கெட்டது சொன்னாலும் ம், சாப்பிட்டாயா என்றாலும் ம். எந்த ம் எதற்கு என்று நான் கண்டுபிடிப்பதற்குள் ஆயுசு முடிந்துவிடும். வெறும் ம் என்று எழுதி, உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி அனுப்ப யாருக்கும் மனசு வராது. அதனால்தான் இந்த ஏற்பாடு.

சேதி என்னவென்றால், எனக்குப் பேனா கொடுத்திருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு பேனாவைக் கீழே வைத்தவள் நான். இந்த வயசில் எங்கள் டாக்டரம்மா கூப்பிட்டு உட்கார வைத்து, "இதுதான் பேனா, பயப்படாதீங்க" என்கிறார். எழுதுகிற பேனா இல்லை. வயிற்றில் குத்துகிற பேனா. சர்க்கரைக்கும் எடைக்கும் சேர்த்து வாரத்துக்கு ஒரு ஊசி. சர்க்கரை ஏறி, முட்டி தேய்ந்து, சலவைக்கூடத்தில் துணியை இஸ்திரி போடுகிற அந்தச் சூடான உருளைக்கு முன்னால் நிற்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்து படுக்கை விரிப்பைத் தள்ளிக்கொண்டிருந்தேன் இல்லையா? அதைக் கேட்டுத்தான் எழுதிக் கொடுத்தார்.

இன்று காலையில் முதல் ஊசி. வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்துக் குத்தணுமாம். எனக்குச் சதையைத் தேட வேண்டிய கஷ்டம் இல்லை. அத்தானைப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். குத்தியது எனக்கு, கத்தியது அவர். முடி மாதிரி ஊசி, கொசு கடித்ததுபோல் இருந்தது. அவ்வளவுதான்.

நீயும் வார ஊசி போட ஆரம்பித்திருப்பதாக உன் வீட்டுக்காரி சொன்னாள். உன்னுடையது வேறு பேராம். எனக்கு அந்தப் பேர் வாயில் நுழையவில்லை, என் மருந்தின் பேரும் நுழையவில்லை. நீ எப்போது போட்டுக்கொள்கிறாய்? நான் ஞாயிற்றுக்கிழமை. ஊசியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து உனக்கு எழுதப் போகிறேன். ஒரு பேனா வயிற்றுக்கு, ஒரு பேனா உனக்கு. யாருக்கு முதலில் இடுப்பு தெரிகிறது, பார்ப்போமா அரை டிக்கெட்டு?

அந்தப் பேரை மறக்கவில்லையே? மீசை முளைக்கிற வயசு வரைக்கும் அம்மா உனக்கு அரை டிக்கெட் வாங்கினாள். கண்டக்டர் வந்தால் முட்டியை மடக்கிக் குள்ளமாக நிற்பாய். இன்று நீ ஓட்டுகிற பஸ்ஸில் உன்னை உட்கார வைத்தால் இரண்டு டிக்கெட் கேட்பார்கள்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. ம் என்று எழுதத்தான் கை போயிற்று. அடக்கிக்கொண்டேன்.

நானும் ஞாயிற்றுக்கிழமைதான் போட்டுக்கொள்கிறேன். இரண்டு வாரம் ஆகிவிட்டது. வயிறு கல்லைப் போட்டதுபோல் இருக்கிறது. டீ வாசனையே பிடிக்கவில்லை. முன்பு சாப்பிட்டதில் பாதிகூட இறங்கவில்லை. இவள் தட்டைப் பார்த்துவிட்டு, யார் வீட்டில் சாப்பிட்டு வந்தீர்கள் என்று சந்தேகமாகக் கேட்கிறாள்.

நீ வேடிக்கையாக எழுதியிருக்கிறாய். எனக்கு இது வேடிக்கை இல்லை, அக்கா. உன்னிடம் போனில் சொல்லாததை எழுதுகிறேன். போன மாதம் எங்கள் கம்பெனி டாக்டர் டிரைவர்களைப் பரிசோதித்தார். என்னைப் படுக்கச் சொல்வதற்கு முன்பே சட்டையைப் பார்த்தார். ஸ்டியரிங் உரசி உரசி என் சட்டைகளில் நடுப் பொத்தான் ஒன்று மட்டும் பளபளவென்று இருக்கும். அதைத் தொட்டுப் பார்த்து, "வண்டியை நீ ஓட்டுறியா, உன் வயிறு ஓட்டுதா?" என்று கேட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை அளவைப் பார்த்ததும் அவரும் சிரிக்கவில்லை. மே மாதம் மறுபடி பார்ப்பேன், சர்க்கரை இறங்கியிருக்கணும், எடையும் குறைந்திருக்கணும், இல்லையென்றால் வண்டி கிடையாது, கொட்டகைக்குப் போ என்று சொல்லிவிட்டார்.

கொட்டகை என்றால் பஸ் கழுவுகிற இடம். என்னோடு சேர்ந்த சுருட்டை முடிக்காரன் பார்வை மங்கியதால் அங்கேதான் இருக்கிறான். நான் வண்டியைக் கொண்டுபோய் விட்டால் குழாயைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைப் பார்ப்பான், என் முகத்தைப் பார்க்கமாட்டான். அந்த இடத்தில் என்னை நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வேலை வண்டி ஓட்டுவது.

என் டாக்டர் தாடிக்காரர், பொறுமைக்காரர். இந்த மாதம் கால், அடுத்த மாதம் அரை என்கிறார். மெதுவாகத்தான் ஏற்றணுமாம். உனக்கு என்ன அளவு? மறக்காமல் எழுது.

இப்படிக்கு,
தம்பி


ஏப்ரல் 6, ஞாயிறு

அன்புத் தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல். ஆவலைவிட அவசரம் அதிகம், ஏனென்றால் என்னிடம் பெருமை அடித்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதலில் உன் கம்பெனி டாக்டர். அவர் வயிற்றை யாராவது தொட்டுப் பார்த்தார்களா? பொத்தானைத் தொட்டாராம். நான் அங்கே இருந்திருந்தால் அவருடைய சட்டையில் எத்தனை பொத்தான் மிஞ்சியிருக்கும் என்று தெரியாது. நீ கவலைப்படாதே. கொட்டகைக்கெல்லாம் போகமாட்டாய். அக்கா சொல்கிறேன்.

இப்போது என் கதை. சலவைக்கூடத்தில் நான் ஸ்டூலைத் தள்ளி வைத்துவிட்டேன். நின்றுகொண்டே விரிப்பு தள்ளுகிறேன். உருளைக்கு அந்தப் பக்கம் நின்று விரிப்பை வாங்குகிற நெட்டை இருக்கிறாளே, அவள் நேற்று, "என்னக்கா, உன் பின்னால சுவர் தெரியுது" என்றாள். இத்தனை வருஷம் தெரிந்ததில்லையாம். சீருடைப் பாவாடையை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாயிற்று. சர்க்கரையும் இறங்கிவிட்டது, டாக்டரம்மா என் முதுகில் தட்டிக் கொடுத்தார். சங்கடமும் உண்டு. எண்ணெய் காய்கிற வாசனை வந்தால் ஓடுகிறேன். கழிப்பறை விஷயத்தைக் கடிதத்தில் எழுதக் கூடாது. ஆனால் வாரம் முழுக்க அங்கே காத்திருந்து காத்திருந்து எனக்குப் பொறுமை என்றால் என்ன என்று தெரிந்துவிட்டது.

அளவு கேட்டாய். இரண்டரையில் ஆரம்பித்தேன். இன்றிலிருந்து ஐந்து. ஆமாம், ஐந்து. நீ என்ன எழுதியிருந்தாய்? கால், அப்புறம் அரை. கடிதத்தை அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். "அரையா? ஐந்தா? மருந்துதானே, மல்லிகைப் பூவா, ஏன் இப்படிக் கிள்ளிக் கொடுக்கிறார்?" என்றார். எனக்கும் அதே கேள்விதான். உன் தாடிக்காரர் அந்த மருந்தைத் தன் வீட்டிலிருந்தா எடுத்துத் தருகிறார்? அக்காவுக்கு ஐந்து, தம்பிக்கு அரை. உனக்குப் பிறந்ததிலிருந்தே அரைதான்டா எழுதியிருக்கிறது. அரை டிக்கெட், அரைக்கால் சட்டை, அரைத் தூக்கம், இப்போது அரை ஊசி. நான் ஐந்திலேயே இருக்கிறேன், நீ அரை அரையாக ஏறி எப்போது என்னைப் பிடிப்பாய்? அதற்குள் எனக்குப் பத்துக்கு ஏற்றிவிடுவார்கள், நான் உருளைக்குள்ளேயே புகுந்து மறுபக்கம் விரிப்பாக வெளியே வருவேன்.

போய்க் கேள். ஆம்பிளையாகப் போய்க் கேள். "என் அக்காவுக்கு ஐந்து கொடுக்கிறாங்க" என்று சொல்.

அன்புடன்,
ஐந்தாம் நம்பர் அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீ இளைத்ததில் எனக்குச் சந்தோஷம். நெட்டைக்கு என் நன்றி.

நீ சொன்னபடி கேட்டேன். தாடிக்காரர் வேறு ஏதோ கோப்பைப் பார்த்துக்கொண்டே, "அவங்களுது வேற, உங்களுது வேற. அவசரப்படாதீங்க" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வெளியே கூட்டம். வேறு என்றால் எப்படி வேறு என்று கேட்க வாய் வரவில்லை. டாக்டரிடமும் எனக்கு ம் தான் வருகிறது.

எனக்கு எடை குறைந்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பொத்தான் இன்னும் உரசுகிறது. சர்க்கரை கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது. பரிசோதனைக்கு அதிக நாள் இல்லை. நேற்று சுருட்டை என்னைப் பார்த்து முதல்தடவையாகச் சிரித்தான். "உனக்கும் ஒரு குழாய் எடுத்து வச்சிருக்கேன்" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை.

வண்டியை எடுக்கும்போதும் உன்னுடைய ஐந்துதான் ஞாபகம் வருகிறது. சிக்னலில் நிற்கும்போதும் ஐந்து. பேனாவின் திருகை அரைக்கு எத்தனை தடவை திருப்பிக் குத்தினால் ஐந்து வரும் என்று மனசு தானாகக் கணக்குப் போடுகிறது. புதுப் பேனா ஒன்று பிரிட்ஜில் இருக்கிறது. என்னை எத்தனை நாளைக்கு அரை டிக்கெட் என்று கூப்பிடுகிறாய், பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தம்பி


மே 4, ஞாயிறு

தம்பி,

இந்தக் கடிதத்தில் கேலி இல்லை. முதலில் உட்கார், பிறகு இதை வாசி.

உன் கடிதத்தின் கடைசி வரியை வாசித்தபோது சிரித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். ரோஷம் வந்துவிட்டது பிள்ளைக்கு என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவிடம் போயிருந்தேன். வழக்கம்போல வாய் சும்மா இருக்கவில்லை. என் தம்பியும் ஊசிக் கட்சிதான், ஆனால் பாவம், அவனுக்கு அரைதான் கொடுக்கிறார்கள், எனக்கு ஐந்து என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு, "தம்பிகிட்ட இப்படிச் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். உன் மருந்தும் என் மருந்தும் ஒரே வேலையைச் செய்கிற இரண்டு வேறு சரக்கு. வயிறு நிறைந்துவிட்டது என்று உடம்புக்குச் சேதி சொல்வதுதான் இரண்டுக்கும் வேலை. உன்னுடையது அந்தச் சேதியை ஒரு வாசல் வழியாகச் சொல்கிறது, என்னுடையது இரண்டு வாசல் வழியாகச் சொல்கிறது. பேனாவில் இருக்கிற எண்ணை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கவே கூடாதாம். எங்கள் சலவைக்கூடத்தில் பிளீச் ஒரு மூடி போடுவோம், சோப்பு ஒரு குவளை போடுவோம். மூடி சின்னது, குவளை பெரியது என்று பிளீச்சைக் குவளையால் ஊற்றினால் விரிப்பு கந்தலாகிவிடும். எனக்கு இது தெரியாதா? தினமும் கையால் செய்கிற வேலை. ஊசி விஷயத்தில் தோன்றவில்லை. உனக்கு அரை என்பது அரை இல்லைடா. அது முழுசு.

எடை என்னுடைய மருந்தில் கொஞ்சம் கூடுதலாகக் குறையலாம், ஆனால் ஆளுக்கு ஆள் மாறும், மெதுவாகப் போகிறவர்கள்தான் கெடுதல் இல்லாமல் போவார்கள் என்றும் சொன்னார்.

போன் அடித்தேன், எடுக்கவில்லை. உன் வீட்டுக்காரிக்கு அடித்தேன். "அவருக்கு உடம்பு சரியில்ல அண்ணி, தூங்குறாரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவள் குரல் சரியில்லை. என்ன உடம்பு? நீ அந்தப் பேனாவை ஒன்றும் செய்யவில்லையே?

பதில் எழுது. ம் என்று எழுதினாலும் போதும்.

அக்கா


மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் ஆஸ்பத்திரிக்கு வந்தது. இவள் கொண்டுவந்து கொடுத்தாள். பிரித்துப் பார்க்கவில்லை என்றாள். அவள் அப்படித்தான், சொன்னால் சொன்னதுதான். நீ எழுதியது எல்லாம் சரி. ஆனால் ஒரு வாரம் பிந்திவிட்டது.

உன்னிடம் மறைக்கமாட்டேன். போன கடிதம் எழுதிய வாரம், ஞாயிற்றுக்கிழமை அரையைத் திருப்பிப் போட்டேன். மறுபடி திருப்பினேன். மறுபடி. நாலாவது தடவையோடு பேனா தீர்ந்துபோயிற்று. தீராமல் இருந்திருந்தால் நான் ஐந்து வரைக்கும் போயிருப்பேன். மறுநாளிலிருந்து வாந்தி. தண்ணீர்கூடத் தங்கவில்லை. வெளியே சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று இவளிடம் சொன்னேன். இந்த நேரத்தில் லீவு போட்டால் கம்பெனியில் என்ன நினைப்பார்கள் என்று புதன்கிழமை வண்டி எடுத்தேன். வயிற்றில் ஒன்றுமில்லை. ஆனால் சர்க்கரையைக் குறைக்கிற பழைய மாத்திரையை வழக்கம்போல் விழுங்கியிருந்தேன்.

வண்டி நிறைய ஆலை ஆட்கள், ஷிப்ட் விட்டுத் திரும்புகிற நேரம். பாலத்தில் ஏறும்போது கை நடுங்கியது. சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. எதிரே வருகிற லாரி இரண்டாகத் தெரிந்தது. எந்த லாரிக்கு ஒதுங்குவது என்று தெரியவில்லை, அக்கா. இவ்வளவு வருஷத்தில் எனக்கு அப்படி வந்ததில்லை. எப்படியோ பாலத்தைத் தாண்டி ஓரத்தில் நிறுத்தினேன். எனக்குப் பின்சீட்டில் எப்போதும் உட்காருகிற, ஆலையில் பாக்கிங் வேலை செய்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். அவர்தான் எழுந்து வந்து முகத்தைப் பார்த்துவிட்டு, பிளாஸ்க்கில் இருந்த சர்க்கரை போட்ட டீயை வாயில் ஊற்றினார். சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போயிருந்ததாம். ஆஸ்பத்திரியில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சிறுநீரகமும் களைத்துப்போயிருந்தது, இப்போது சரி.

இனி நல்ல சேதி. அவர்களிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. எப்போதும்போல் அரைதான் போட்டேன் என்றேன். தாடிக்காரர் என் கேஸ் தாளைப் புரட்டினார். இந்த மருந்து உங்களுக்குச் சேரவில்லை, நிறுத்திவிடுவோம் என்றார். கம்பெனிக்கும் சாப்பாட்டுக் கோளாறு என்றுதான் போயிருக்கிறது. நேற்று பரிசோதனை. எடை நன்றாக இறங்கியிருக்கிறது, சர்க்கரையும் அப்படியே. டாக்டர் பொத்தானைப் பார்த்துத் தலையாட்டினார். திங்கட்கிழமையிலிருந்து வண்டி எனக்குத்தான்.

மாதக்கணக்கில் கால், அரை என்று நடக்காதது அந்த ஒரே வாரத்தில் நடந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் பழக்கம், பழைய சீட்டைக் காட்டி இன்னொரு பேனா வாங்கி வைத்திருக்கிறேன். பயப்படாதே, நாலு இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு அரை. அதற்கு மேல் போகமாட்டேன். இவளுக்குத் தெரியாது, தாடிக்காரருக்குத் தெரியாது, உனக்கு மட்டும்தான். நீ யாரிடமும் சொல்லமாட்டாய். சின்ன வயசில் முட்டியை மடக்கி நின்றபோதும் நீ காட்டிக்கொடுத்ததில்லை.

இப்படிக்கு,
தம்பி


மே 25, ஞாயிறு

தம்பி,

உனக்கு இது வந்து சேருகிறபோது எல்லாம் தெரிந்திருக்கும். இருந்தாலும் என் கையால் எழுதணும் என்று எழுதுகிறேன்.

உன் கடிதத்தைச் சலவைக்கூடத்தில் வைத்து வாசித்தேன். வாசித்துக்கொண்டே விரிப்பைத் தள்ளினேன் போலிருக்கிறது. அது கோணலாகப் போய் உருளையில் சுற்றிக்கொண்டது. நெட்டை ஓடிவந்து நிறுத்தினாள். என்னக்கா என்றாள். என் தம்பி பாலத்தில் ரெண்டு லாரி பார்த்தானாம் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னை ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

வியாழக்கிழமை உன் ஊருக்கு வந்தேன். நீ வேலைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் வந்தேன். உன் வீட்டுக்காரியிடம் பிரிட்ஜைத் திறக்கச் சொன்னேன். உன் பேனா தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் இருந்தது. உள்ளே மருந்து குறைந்திருந்தது. ஒரு தடவை போட்டிருந்தாய், இரண்டு அரை. அவளிடம் உன் கடிதத்தை அப்படியே கொடுத்தேன். நின்றுகொண்டு வாசித்தாள், பிறகு தரையில் உட்கார்ந்து வாசித்தாள். "என்கிட்ட ஏன் அண்ணி சொல்லல?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு பேரும் தாடிக்காரரிடம் போனோம். என் ஐந்து, உன் அரை, நான் எழுதின கிண்டல், நீ திருப்பின நாலு, எல்லாம் சொன்னேன். அவர் மேசைமேல் அந்தப் பேனாவை வைத்தேன். என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. உட்கார வைத்து விளக்கிச் சொல்லியிருக்கணும், சொல்லவில்லை என்று தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். மருந்து உனக்குச் சேராமல் இல்லையாம். நீதான் மருந்தோடு சேரவில்லை. மறுபடி காலிலிருந்து ஆரம்பிக்கலாம், பழைய மாத்திரையைக் குறைக்கணும் என்றார். ஆனால் சர்க்கரை ஒரு நிலைக்கு வருகிற வரைக்கும் நீ வண்டி எடுக்கக் கூடாது என்று கம்பெனி டாக்டருக்கு எழுதப் போகிறேன் என்றார். வேண்டாம் என்று உன் வீட்டுக்காரி அழுதாள். எழுதுங்கள் என்று தலையாட்டினேன். ஆட்டியது நான்தான். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

நான் காட்டிக்கொடுத்துவிட்டேன். இதற்கு நல்லதாக வேறு ஒரு பேர் வைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

ஊருக்குத் திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் உன்னைப் பார்த்தேன். உன் வண்டி திரும்பி வந்தது. கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். முன்பென்றால் கம்பம்தான் எனக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாய். ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடம் இருந்தது. ராஜா மாதிரி இருந்தாய். உனக்குப் பின்சீட்டில் அந்த அம்மா கண்ணை மூடிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வேலைக் களைப்பு. ஓட்டுகிறவன்மேல் நம்பிக்கை இருந்தால்தான் அப்படிக் கண்ணை மூட முடியும். அதைப் பார்க்கிறவரைக்கும் எனக்குச் சந்தேகம் இருந்தது, திரும்பிப் போய் அந்தத் தாடிக்காரரின் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூட இருந்தது. அதைப் பார்த்த பிறகு இல்லை.

முட்டியை மடக்கி நின்றாயே, அப்போது நான் சொல்லாமல் இருந்தது உன் முட்டி மட்டும்தான் வலிக்கும் என்பதால்.

இனி அந்தப் பேரைச் சொல்லி உன்னைக் கூப்பிடமாட்டேன். 

அக்கா


ஜூலை 6, ஞாயிறு

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அத்தானுக்குப் பல்வலி. வாயைத் திறக்க முடியவில்லை, வீடு நிம்மதியாக இருக்கிறது.

ஒவ்வொரு ஞாயிறும் எழுதினேன். நீ ஒன்றுக்கும் பதில் போடவில்லை. உறையைப் பிரித்தாயா என்றும் தெரியவில்லை. போன் அடித்தால் அடித்துக்கொண்டே இருக்கிறது. முன்பு ம் என்று சொல்கிறானே என்று குறைப்பட்டேன். என் வாயில் போட்டுக்கொள்ளணும்.

உன் சேதியெல்லாம் உன் வீட்டுக்காரி சொல்கிறாள். கொட்டகையில் இருக்கிறாயாம். சுருட்டையும் நீயும் ஒரே வண்டியை இரண்டு பக்கம் நின்று கழுவுகிறீர்களாம். முதல் வாரம் நீ யார் முகத்தையும் பார்க்கவில்லை என்றாள். கால் முடிந்து இப்போது அரைக்கு வந்திருக்கிறாய், வாந்தி இல்லை, சர்க்கரை மெல்ல மெல்ல இறங்குகிறது என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஊசியை அவள் கையாலேயே போடுகிறாளாம். அவள் உன்னைக் குத்த இத்தனை வருஷம் காத்திருந்திருப்பாள். தாடிக்காரர் இன்னும் சில மாதம் பார்த்துவிட்டு உன் வண்டியைப் பற்றி எழுதுவாராம். கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஏப்ரலில், கொட்டகைக்கெல்லாம் போகமாட்டாய், அக்கா சொல்கிறேன் என்று எழுதியவள் நான்.

என் ஊசியைப் பற்றிக் கேட்டால், டாக்டரம்மா அளவை ஏற்றினாரா இறக்கினாரா என்று எனக்கே தெரியாது. அத்தான் பார்த்து வாங்கி வருகிறார். எண்ணைச் சொல்லாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். உருளைக்கு முன்னால் நிற்க முடிகிறது. இருட்டுவதற்குள் வீட்டுக்கு நடந்தே வந்துவிடுகிறேன். முன்பு இதையெல்லாம் உனக்கு எழுதுவதற்காகவே நடப்பேன். இப்போது நடக்கிறேன், அவ்வளவுதான். நெட்டை விரிப்பை வாங்கும்போது ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்க்கிறாள். சிரிக்கிறேன். நான் யாரையும் கிண்டல் செய்வதில்லை என்று சலவைக்கூடத்தில் எனக்குக் காய்ச்சலா என்று கேட்கிறார்கள்.

என்மேல் உனக்கு இருக்கிற கோபம் நியாயம். ஸ்டியரிங்கை உன் கையிலிருந்து எடுத்தது நான்தான். நான் செய்தது தப்பு என்று எழுதச் சொன்னால் எழுதமாட்டேன். அந்த அம்மா கண்ணை மூடியிருந்தார். ஆனால் தப்பு இல்லை என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருக்கவும் எனக்குத் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வண்டியைப் பற்றி இல்லை, ஊசியைப் பற்றி இல்லை. நான் உனக்கு இன்னும் அக்காதானே? இதற்கு மட்டும் பதில் எழுது. நீளமாக வேண்டாம்.

அக்கா


ஜூலை 15

அக்காவுக்கு,

ம்.

இப்படிக்கு,
அரை டிக்கெட்